ராஜாவின் தாடையில் ஒரு கோடு

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பகல். சிங்கப்பூர்த் தேக்கா சந்தைப் பக்கத்துச் சாக்கடை நிரம்பி, மீன் கழுவிய தண்ணீரின் வாடை எங்கள் கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைவரை ஏறி வந்திருந்தது. நான் என் கண்ணாடிப் பெட்டியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி ஒரு பெண் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஓர் ஆண், மடங்க மறுத்த குடையோடு போராடிக்கொண்டிருந்தார்.

"காசு பாத்துச் சொல்ற பாய் நீங்கதானே?"

"நாந்தான். உள்ள தள்ளி நில்லுங்க, சாரல் அடிக்குது."

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு சதுரக் காசை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தார். ஜப்பான் சண்டைக்கு முந்திய மலாயா ஒரு காசு. ஒரு பக்கம் முடிசூடிய ராஜாவின் தலை, மறுபக்கம் எழுத்து. புது ராணியின் முகம் போட்ட காசுகள் புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தாலும், கோப்பிக்கடைகளில் ராஜாவையும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"விக்கிறதுக்கா?"

"விக்க இல்ல பாய். ஒண்ணே ஒண்ணு தெரியணும். ராசா தாடையிலேருந்து ஓரம் வரைக்கும் ஒரு கோடு ஓடுது பாருங்க. அது காசு பொறக்கும்போதே இருந்ததா, இல்ல யாராச்சும் பின்னால கீறி விட்டதா?"

என் தொழிலில் இந்தக் கேள்வியைக் கேட்காத வாரம் இருந்ததில்லை. கேட்பவர்கள் எல்லோரும் ஆசையோடு கேட்பார்கள். பயந்துகொண்டு கேட்டவர் இவர் ஒருவர்தான்.

பிறவியா, காயமா

என் பிழைப்பு பணம் மாற்றுவது. ஆனால் மாலை நேரத்தில் என் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் வேறு ரகம். முகாம்களிலிருந்து வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள், ஒரு சீன வாத்தியார், கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒரு மலையாளி. இவர்களுக்கு ஒழுங்கான காசு தேவையில்லை. அச்சடிக்கும்போதே கோணிப்போன காசுதான் வேண்டும். அதற்கு நல்ல விலையும் கொடுப்பார்கள்.

விலை உண்டு என்று தெரிந்ததும் ஊரில் இருந்த நசுங்கல் காசெல்லாம் என்னிடம் வந்தது. தண்டவாளத்தில் வைத்து ரயில் ஏறிய காசு. தீயில் விழுந்து கறுத்த காசு. ஒருமுறை ஒரு பட்டறைக்காரர் இரண்டு பக்கமும் ராஜா தலை உள்ள காசு என்று ஒன்றைக் கொண்டு வந்தார். ஒரு பக்கத் தலை பள்ளமாக, இடம் வலம் மாறி இருந்தது. உண்மையிலேயே அச்சுக்கூடத்தில் அப்படி நடப்பதுண்டு. அடித்த காசு வெளியே விழாமல் ஒட்டிக்கொண்டால், அதன் முகம் அடுத்த காசில் பதிந்துவிடும். முழுசாக, தெளிவாகப் பதியும். பட்டறைக்காரர் கொண்டு வந்ததில் அந்தப் பள்ளத்துக்கு அடியில் பழைய எழுத்து நசுங்கிக் கிடந்தது. இரண்டு காசைப் பட்டறை இடுக்கியான வைஸில் கொடுத்து நெருக்கியிருக்கிறார். "அண்ணே, வைஸ் உங்களோடதா, முதலாளியோடதா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனார்.

ஓரம் கடித்தது போன்ற காசுக்கும் சோதனை உண்டு. தகட்டை வெட்டும்போதே ஓரம் போயிருந்தால், நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பும் சப்பையாக இருக்கும். பிறகு யாராவது அரத்தால் ராவியிருந்தால் எதிர்ப்பக்கம் எதுவும் தெரியாதது போல் உருண்டு திரண்டு இருக்கும்.

கோடு எல்லாவற்றிலும் சுலபம். அச்சில் விரிசல் விழுந்தால், அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் புகுந்து காசின்மேல் மேடாக எழும். பின்னால் யாராவது கீறினால் பள்ளம் விழும். லென்ஸ்கூட வேண்டாம், நகம் போதும்.

அன்றும் கட்டைவிரல் நகத்தால் ராஜாவின் தாடையைத் தடவிப் பார்த்தேன். மயிரிழை அளவுக்கு மேடு. பிறகு லென்ஸ் வைத்தும் பார்த்தேன். மேடுதான்.

"பொறக்கும்போதே இருந்த கோடு தங்கச்சி. யாரும் கீறல."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டு, "நான் சொல்லல தனம்? இனியாச்சும் நம்புவியா?" என்றார்.

"அப்போ இது அவரோடதுதான்," என்றார் அந்தப் பெண், என்னிடமோ கூட வந்தவரிடமோ அல்லாமல்.

சயாமுக்குப் போனவர்

அவர் பெயர் தனபாக்கியம். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. குளோரின் வாடை அவர் கையைவிட்டுப் போகாது. கூட வந்தவர் உடன்பிறந்த அண்ணன் ஆறுமுகம், துறைமுகத்தில் கங்காணி.

ஜப்பான்காரன் காலத்தில் தனபாக்கியமும் கணவர் கோவிந்தனும் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். அன்று கையில் புழங்கியதெல்லாம் வாழைமரம் போட்ட காகித நோட்டு. ராஜா தலை போட்ட காசை வைத்திருப்பதே ஆபத்து. கோவிந்தன் மட்டும் ஒரு சதுரக் காசை வேட்டி முடிச்சில் ஒளித்து வைத்திருந்தார். ராஜா தாடையில் கோடு இருந்ததால் "ராசாவுக்குத் தாடி மொளைக்குது, சண்டை முடிஞ்சாத்தான் சவரம் பண்ணுவாரு" என்று வேடிக்கையாகச் சொல்வாராம்.

ஒரு நாள் லாரி வந்தது. தோட்டத்து ஆண்களை ஏற்றிக்கொண்டு சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். கோவிந்தன் திரும்பவில்லை. இறந்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை.

சண்டை முடிந்து தனபாக்கியம் அண்ணனிடம் சிங்கப்பூருக்கு வந்தார். அப்புறம் ஒருவன் வந்தான். கோவிந்தன் பாங்காக்கில் உயிரோடு இருக்கிறார், வழிச்செலவுக்குக் கொடுத்தால் கூட்டி வருகிறேன் என்றான். ஆள் அவர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று அவன் கேட்டபோது, தனபாக்கியமே தாடையில் கோடு உள்ள காசைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கிறார். வழிச்செலவுக்குக் காதுத் தோட்டைக் கழற்றியும் கொடுத்தார். அவன் போனவன் போனவன்தான். அந்தக் கதை அவர் குடியிருந்த ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும். கோட்டின் கதையும் கூடவே தெரியும்.

அதற்குப் பிறகு பொட்டு வைக்கிறதா, அழிக்கிறதா என்று தெரியாமலே ஆண்டுகள் போயின. சுப்பையா என்று ஒரு லாரி டிரைவர், மனைவியை இழந்தவர், முறையாக வந்து பெண் கேட்டார். ஆறுமுகத்துக்குச் சம்மதம். தனபாக்கியம் மட்டும், "அவரு உயிரோட இருந்து வந்துட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில்தான் வீரப்பன் என்றொரு ஆள் வந்தார். சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். கோவிந்தன் காய்ச்சலில் தன் மடியில் இறந்ததாகவும், சாகும்போது கொடுத்தது இது என்றும் சொல்லிச் சதுரக் காசை நீட்டினார்.

அதே கோடு

இதையெல்லாம் அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றிச் சொல்லி முடித்தபோது மழை குறைந்திருந்தது. தனபாக்கியம் காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, கிளம்பும் முன் ஒரு வார்த்தை கேட்டார்.

"உலகத்துலயே இந்தக் கோடு இந்தக் காசுல மட்டுந்தானே பாய் இருக்கும்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆறுமுகத்தின் கண் என்னை அப்படித்தான் கெஞ்சியது. ஆனால் தனபாக்கியம் ஒரு முறை ஏமாந்தவர். என்னை நம்பிக் கேட்கிறார்.

"இல்ல தங்கச்சி. கோடு காசோடது இல்ல, அச்சோடது. விரிசல் விழுந்த அச்சுல அப்புறம் அடிச்ச காசு அத்தனையிலும் இதே கோடு இருக்கும். ஆயிரக்கணக்குல இருக்கும்."

அவர் நம்பாமல் பார்த்தார். நான் சதுரக் காசுகள் போட்டு வைத்திருந்த டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். கிடைத்துவிட்டது. ராஜாவின் தாடை, அதே இடம், அதே சாய்வு. கோடு மட்டும் கொஞ்சம் குட்டை, விரிசல் முழுசாக ஓடும் முன்பு அடித்தது போலிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

தனபாக்கியம் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"அண்ணே, அந்த ஆள நீங்கதான் ஏற்பாடு பண்ணீங்களா?"

"என்ன தனம் சொல்ற?"

"சுப்பையாவுக்குக் கட்டி வைக்கணும்னு ஆசை உங்களுக்கு. கோடு இருக்குற காசு எங்க வேணாலும் கெடைக்கும்னு பாயே சொல்றாரு. கத தெரிஞ்ச ஆளு ஒருத்தன், காசு ஒண்ணு. வேற என்ன வேணும்?"

"எம் புள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன் தனம்..."

"புள்ளைங்கள இழுக்காதீங்க அண்ணே."

காசை அப்படியே விட்டுவிட்டுத் தூறலில் இறங்கி நடந்தார். ஆறுமுகம் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு. மூட்டை தூக்குகிறவர்களையெல்லாம் அதட்டும் குரல். மடங்காத குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த வீரப்பன் எங்க வீட்டுல ஒரு கோப்பிகூடக் குடிக்கல," என்றார் கடைசியில். "சாப்பிடச் சொன்னேன். வேலை இருக்குன்னுட்டு எழுந்துட்டாரு. ஏமாத்த வர்றவன் அப்படியா இருப்பான்? வருஷா வருஷம் தைப்பூசத்துல நின்னு, இந்தத் தோட்டத்து ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காரு. இப்ப அவரையும் பொய்யன்னு ஆக்கியாச்சு, என்னையும் ஆக்கியாச்சு."

தேநீர் வரவழைத்தேன். ஆறிப்போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

மூலையில் இருந்தது

சில நாட்கள் அந்தக் காசு என் மேசை இழுப்பறையில் கிடந்தது. கைக்குட்டையும் அதோடு கிடந்தது. நான் சொன்னது உண்மைதான். ஆனாலும் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது உறுத்தியது.

ஒரு காலை, கடை திறந்ததும், நடைபாதையில் சாய்வாக வெயில் விழுந்த நேரம் அதை எடுத்தேன். இந்த முறை கோட்டைப் பார்க்கவில்லை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன்.

சேகரிக்கிறவர்களுக்கு அடிபட்ட இடம் கண்ணிலேயே படாது. அதற்கு விலை இல்லை. அதனால் எங்கள் பார்வையும் அப்படியே பழகியிருந்தது. ஆனால் அச்சின் குறை ஆயிரம் காசுக்குப் பொது என்றால், அடிபட்ட தழும்பு இந்த ஒரே காசுக்குச் சொந்தம். இரண்டு காசுக்கு ஒரே மாதிரி அடி விழாது. இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ராஜாவின் நெற்றிக்கு எதிரே இருந்த மூலையில் ஒரு தழும்பு. அந்த மூலை ஒரு காலத்தில் மடங்கி, பிறகு நிமிர்த்தப்பட்டிருக்கிறது. மடிந்த இடத்தில் மங்கலாக ஒரு ரேகை. அந்த மூலையில் ராஜா பக்கம் வழவழவென்று தட்டையாக இருந்தது, சுத்தியல் முகம் பட்டது போல. திருப்பினால், எழுத்துப் பக்கம் அதே மூலையில் பொடிப்பொடியாகக் குழிகள். ஏதோ சொரசொரப்பான கல்லின்மேல் வைத்து அடித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் அடித்த அடி மறுபக்கம் பதிந்திருந்தது. அச்சுக்கூடத்தில் இப்படி நேராது. பழைய அடிதான் என்பதும் தெரிந்தது. மேடு பள்ளம் எல்லாம் ஒரே மாதிரி கறுத்து, விரல் பட்டுத் தேய்ந்திருந்தது.

அடித்தது யார், எங்கே என்று மட்டும் எனக்குத் தெரியாது.

மாவு டின்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நேரே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். தனபாக்கியம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"அந்தக் காச நீங்களே வச்சுக்குங்க பாய். எனக்கு வேணாம்."

"குடுக்க வரல தங்கச்சி. ஒரு கேள்வி கேக்க வந்தேன். காசைக் காட்ட மாட்டேன். கேட்டுட்டுப் போயிடுறேன்."

சட்டைப் பைக்குள் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் வச்சிருந்த காசுக்கு எப்பவாச்சும் அடிகிடி பட்டதுண்டா? கோட்ட விடுங்க. வேற எதாச்சும்?"

"ஒரு காசுக்கு என்ன பாய் அடி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கீரைக் காம்பு ஒன்று விரலிலேயே நின்றது.

"மாவு டின்னு," என்றார்.

"என்ன டின்?"

"கோதும மாவு போட்டு வச்ச டின்னு. மூடி துருப்புடிச்சுத் தொறக்கவே வரல. அவரு வேலைக்குப் போயிருந்தாரு. அன்னைக்கு முடிச்ச அவுத்து மாடத்துல வச்சுட்டுப் போயிட்டாரு. நான் அந்தக் காச எடுத்து மூடி இடுக்குல சொருகி, குழவியால ஒரு தட்டுத் தட்டுனேன். மூடி தொறக்கல. காசு மூலை மடங்கிப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சாயங்காலம் வந்து குதிச்சாரு." அவர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "ராசாவுக்கே கைய ஒடிச்சிட்டியேன்னாரு. அம்மிக்கல்லுல வச்சு நிமுத்துனாரு. ராசா முகம் கல்லுல தேயக் கூடாதாம், எழுத்துப் பக்கத்தக் கீழ வச்சாரு. வச்சுட்டு, சுத்தியால ராசா பக்கமே ஓங்கி அடிக்கிறாரு! கல்லு படக் கூடாதாம், சுத்தி படலாமாம். நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து லயத்துக்காரங்க வந்து எட்டிப் பாத்தாங்க."

"எந்த மூலை, ஞாபகம் இருக்கா?"

தன் நெற்றிக்கு முன்னால் காற்றில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க. ராசா எதுத்தாப்புல பாக்குற பக்கம்."

"இத யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கீங்களா? அண்ணன்கிட்ட? காதுத் தோட்ட வாங்கிட்டுப் போனவன்கிட்ட?"

"இதையெல்லாம் போய் யார்கிட்ட பாய் சொல்லுவேன்? நானே மறந்து..."

நான் ஏன் கேட்டேன் என்பது அந்த நொடியில்தான் அவருக்குப் புரிந்தது. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, கண் மட்டும் மாறியது. கையை நீட்டினார்.

காசை வைத்தேன். கோடு இருந்த இடத்தை அவர் பார்க்கவே இல்லை. பெருவிரலை நேரே அந்த மூலைக்குக் கொண்டுபோய் முன்னும் பின்னும் தடவினார். வழவழப்பு, திருப்பி, குழி. மறுபடி வழவழப்பு, குழி.

"அம்மிக்கல்லு," என்றார்.

கீரைமுறம் மடியிலிருந்து சரிந்தது. அவர் அழுத அழுகை பதினைந்து ஆண்டுகளாகக் காத்திருந்தது போலிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். நான் தெருவில் இறங்கி நின்றுகொண்டேன். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

கத்தோங் கடலோரம்

அன்று மாலையே தனபாக்கியம் அண்ணன் வீட்டுக்குப் போனாராம். வாசலிலேயே நின்று, "அண்ணே, நான் பேசுனத மறந்துடுங்க," என்றிருக்கிறார். ஆறுமுகம், "உள்ள வா, உங்க அண்ணி மீன் கொழம்பு வச்சிருக்கா," என்று மட்டும் சொன்னாராம். அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

கத்தோங் கடலோரத்தில் கோவிந்தனுக்குக் கருமாதி நடந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். தொப்பியோடு தென்னை மரத்தடியில் ஒதுங்கி நின்றேன். கோவிந்தனுக்குப் பிள்ளை இல்லை, யார் முன்னால் உட்காருவது என்று பண்டாரம் கேட்டார். ஆறுமுகம் திரும்பி, கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஒல்லியான மனிதரைக் கைகாட்டினார்.

"அவரு உக்காரட்டும். கடைசியா வாய்க்குத் தண்ணி குடுத்தது அவருதானே."

அப்போதுதான் வீரப்பனை நான் முதன்முதலாகப் பார்த்தேன். காலில் முழங்காலுக்குக் கீழே பழைய புண்ணின் பெரிய வடு. தயங்கித் தயங்கி வந்து மணலில் உட்கார்ந்தார். பிண்டம் கரைக்க அலைக்குள் இறங்கும்போது ஆறுமுகம்தான் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓராண்டு துக்கம் காத்துவிட்டு, தனபாக்கியம் சுப்பையாவைக் கட்டிக்கொண்டார். குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடுகள் எழும்பியபோது ஒரு வீடு கிடைத்து அங்கே போனார்கள். தீபாவளிக்கு எனக்கு முறுக்கு வராத ஆண்டில்லை. சுப்பையா அதிகம் பேசாதவர். முதல் முறை நான் அந்த வீட்டுக்குப் போனபோது, சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தக் காசுக்கு அவரே ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டம் செய்து மாட்டியிருந்தார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது கருமாதி முடிந்த அந்த மத்தியானம்தான்.

ஆறுமுகம் வீட்டில் இலை போட்டார்கள். வீரப்பனை முதல் இலையில் உட்கார வைத்தார்கள். இந்த முறை அவர் எழுந்து போகவில்லை. பசித்த மனிதர் சாப்பிடுவது போல, தலை நிமிராமல் சாப்பிட்டார். எல்லோரும் கை கழுவி வந்ததும் தனபாக்கியம் கோரைப்பாயைத் தட்டி விரித்தார். நெற்றியில் பொட்டில்லை. நான் விடைபெற எழுந்தேன்.

"இருங்க பாய்," என்றார். "நீங்களும் கேளுங்க."

பிறகு வீரப்பனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க சொல்ல வந்தப்ப நான் கேக்கல அண்ணே. பாதியிலேயே வாய அடச்சிட்டேன். இப்பச் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க."

"எதுலேருந்து தங்கச்சி சொல்றது? கேக்கத் தாங்காது உனக்கு."

"தாங்குவேன். மொத மொதல்ல அவர எங்க பாத்தீங்க, அதுலேருந்து சொல்லுங்க."

வீரப்பன் கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"ரயில்ல பாத்தேன். சாமான் ஏத்துற பொட்டி. நிக்கத்தான் எடம், உக்கார எடமில்ல. எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தோம். அவரு ஒரு மூலையில நின்னு பாடுனாரு."

தனபாக்கியம் நிமிர்ந்தார்.

"பாடுனாரா? அவருக்குப் பாடவே தெரியாதே அண்ணே!"

"தெரியாதுதான்," என்றார் வீரப்பன். "அதக் கேட்டுத்தான் தங்கச்சி நாங்க சிரிச்சோம்."